வண்டியின் பிணியறியும் கருவிகள்
கிராமப் பட்டறைக்கு அவை ஏற்றவையா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

முன்னாளில் வண்டியின் அச்சு முறிந்தால் ஊர்த் தச்சர் அதைச் செப்பனிட்டார். சக்கரத்தின் பட்டா கழன்றால் ஊர்க் கொல்லர் அதை மாட்டிக் கொடுத்தார். பின்னர் ஆயில் எஞ்சினும் மோட்டார் சைக்கிளும் கிராமத்திற்கு வந்தன. அக்கொல்லரின் மைந்தரே மெக்கானிக் ஆனார். காதால் கேட்டும், கையால் தொட்டும், புகையின் நிறத்தைப் பார்த்தும் குறையை அறிந்தார். ஒரு ஸ்பானர் பெட்டியும் ஒரு ஸ்குரூ டிரைவரும் அவருக்குப் போதுமானவையாயிருந்தன.

இந்நிலை இன்று மாறிவிட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டரே உள்ளது. எவ்வளவு பீய்ச்சவேண்டும், எப்பொழுது பீய்ச்சவேண்டும் என்பதை ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. அப்பெட்டிக்குச் செய்தி கொடுப்பவை சென்சார்கள். இவற்றில் ஒன்று பழுதுற்றாலும் வண்டியின் போக்கு கெடும். ஆயின் அப்பழுது காதுக்கும் கைக்கும் எளிதில் அகப்படுவதில்லை.

சென்ற கோடையில் நமது ஒன்றியத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்திற்குப் பால் ஏற்றிச் செல்லும் சிறு பெட்ரோல் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கேன்களுடன் மேட்டில் ஏறுகையில் வண்டி இழுக்க மறுத்தது. உள்ளூர் மெக்கானிக், “இது ஸ்கேனர் போட்டுப் பார்க்கவேண்டிய வண்டி, டவுனுக்குக் கொண்டு போங்கள்” என்று கூறிக் கையை விரித்தார். வெயில் ஏறினால் பால் காத்திராது. அன்று காலை கறந்த பாலில் ஒரு பகுதி திரிந்துபோயிற்று. அவ்விழப்பு, இரண்டு பசுக்களையும் மூன்று பசுக்களையும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுடையது. கைத்தொழில் தெரிந்த இளைஞர் ஒருவர் அருகிலிருந்தும், அவரிடம் கருவி இல்லாமையால் இவ்விழப்பு நேர்ந்தது. இக்கருவிகளைப் பற்றி ஆராய்ந்தறிய நம்மைத் தூண்டியது இதுவே.

கருவி வந்த வரலாறு

வண்டியே தன் பழுதைக் குறித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு ஓ.பி.டி. என்று பெயர். பழுது பார்ப்போரின் வசதிக்காக மட்டும் இது பரவியதன்று. காற்று மாசடைவதைத் தடுப்பதற்காகவே சட்டத்தின் வாயிலாகப் பரவியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு மாடல் வண்டிகளிலிருந்து இதன் முதற்படியைக் கட்டாயமாக்கிற்று. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தத்தமக்கென ஒரு பிளக்கையும் ஒரு குறியீட்டு முறையையும் வைத்திருந்தது; ஒருவர் கருவி மற்றொருவர் வண்டிக்குப் பொருந்தவில்லை. இக்குழப்பத்தை நீக்க இரண்டாம் படி வகுக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவமுள்ள 16 முனைப் பிளக்கும், ஒரே வகையான குறியீடுகளும் இடம்பெற்றன. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இம்முறை வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010-இல் முதற்படியும், 2013-இல் இரண்டாம் படியும் வந்தன.

கருவி எளிமையடைந்ததற்கு இவ்வொருமைப்பாடே மூலகாரணம். எல்லாக் கிணற்றுக்கும் ஒரே வாளி பொருந்துவதுபோல, எல்லாக் காருக்கும் ஒரே பிளக் பொருந்தும் நிலை பிறந்தது. அதன் பின்னரே மலிவான கருவிகள் சந்தைக்கு வந்தன. கனடா நாட்டின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட எல்ம் 327 என்ற சில்லு, வண்டியின் மொழியைக் கணினிக்குப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியாக விளங்கிற்று. இன்று கைபேசியோடு இணைக்கும் சிறு கருவிகளிற் பெரும்பாலானவை அச்சில்லின் வழித்தோன்றல்களும் நகல்களுமே.

வண்டி பேசும் மொழி

காரில் இப்பிளக் பெரும்பாலும் ஸ்டியரிங்கிற்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் இருக்கும். அதில் கருவியைச் செருகிச் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால், வண்டி தன் நினைவிலுள்ள குறியீடுகளைத் தெரிவிக்கும். ஒரு குறியீடு ஐந்து எழுத்துகளால் ஆனது. முதலெழுத்து, பழுது எஞ்சினிலா, உடற்பகுதியிலா, அடிச்சட்டத்திலா, செய்திப் போக்குவரத்திலா என்பதைக் காட்டும். இரண்டாவது இடத்தில் பூஜ்யம் இருந்தால் அது எல்லா வண்டிக்கும் பொதுவான குறியீடு. 1 இருந்தால் அந்நிறுவனத்தின் தனிக் குறியீடு. எஞ்சின் குறியீடுகளில் மூன்றாம் இடம் இன்ன பகுதி என்று சுட்டும்: 1, 2 ஆகியவை காற்றும் எரிபொருளும்; 3 தீப்பொறி; 4 புகை கட்டுப்பாடு; 5 வேகமும் ஐடிலும்; 6 மின்னணுப் பெட்டி; 7, 8 கியர்ப் பகுதி.

இதை மனத்திற்கொண்டால் ஆங்கிலம் அதிகம் அறியாதவரும் பாதிப் பொருளை ஊகித்துவிடலாம். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பி 0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில். பி 0171 என்றால் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது. பி 0118 என்றால் எஞ்சின் நீரின் வெப்பத்தைக் காட்டும் சென்சாரிலிருந்து வரும் மின்னளவு வரம்பு மீறியுள்ளது. பி 0562 என்றால் மின்னழுத்தம் குறைந்துள்ளது.

நால்வகைக் கருவிகள்

முதல் வகைக்குச் செலவே இல்லை. பல மோட்டார் சைக்கிள்களில் மஞ்சள் விளக்கே கண் சிமிட்டிப் பழுதைச் சொல்லும். நெடிய சிமிட்டல் பத்தையும், குறுகிய சிமிட்டல் ஒன்றையும் குறிப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. நெடியது ஒன்றும் குறுகியது இரண்டும் வந்தால் எண் 12. அந்த எண்ணிற்குரிய பொருளை அவ்வண்டியின் பழுதுபார்ப்பு நூலில் காணவேண்டும்.

இரண்டாம் வகை, கைபேசியோடு புளூடூத் மூலம் இணையும் தீப்பெட்டியளவான கருவி. இதன் விலை சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரண்டாயிரம் ரூபாய்வரை. மூன்றாம் வகை, சிறு திரையும் நான்கைந்து பொத்தான்களும் கொண்ட கையடக்க ஸ்கேனர். இதற்குக் கைபேசி வேண்டுவதில்லை. வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். நான்காம் வகை, பல நிறுவன வண்டிகளையும் ஆராயவல்ல பெரிய ஸ்கேனர். ஏர்பேக், பிரேக், கியர் ஆகியவற்றின் தனிக் குறியீடுகளையும் இது படிக்கும். இதன் விலை பல்லாயிரம் ரூபாய். அன்றியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பணம் கட்டவேண்டும்.

எளிமையும் இடர்ப்பாடும்

இவற்றைப் பட்டறை இளைஞர்களின் கையில் கொடுத்து, அவர்கள் பயன்படுத்தும் முறையை அருகிலிருந்து கவனித்தோம். நாம் எதிர்பார்த்த இடத்தில் தடை ஏற்படவில்லை. எதிர்பாராத இடத்தில் ஏற்பட்டது. குறியீட்டைப் படிப்பது எவருக்கும் கடினமாயில்லை. கைபேசியை நாள்தோறும் கையாளும் இளைஞர் சில நிமிடங்களில் அதைக் கற்றுக்கொண்டார். தடை ஏற்பட்டது இணைப்பில்தான். புளூடூத் கருவி பல நேரங்களில் கைபேசிக்குப் புலப்படுவதில்லை. இரகசிய எண் கேட்கும். பெரும்பாலும் அது 1234 அல்லது 0000 என்பதை அறியாதார் அங்கேயே நின்றுவிடுவர். பழைய வகைப் புளூடூத் கருவி ஐபோனோடு இணையாது என்பதும் வாங்கிய பின்னரே பலருக்குத் தெரியவருகிறது. மலிவான நகல்களுள் சில எல்லாக் கட்டளைகளுக்கும் விடையளிப்பதில்லை. வண்டியில் பழுதிருந்தும் ‘பழுதில்லை’ என்று அவை காட்டிவிடுதலும் உண்டு. கையடக்க ஸ்கேனரிலோ இத்தொல்லைகள் மிகக் குறைவு. புதிதாகப் பயில்வோருக்கு இதுவே ஏற்றது என்பது நமது துணிபு.

இரண்டாவது இடர்ப்பாடு மொழி. திரையில் வருவன பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே, அவற்றுள்ளும் பல சுருக்கெழுத்துகள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பட்டறையில் பத்தாண்டு உழைத்தவர், எஞ்சினை நம்மைவிட நன்கறிந்தும், இத்திரையின்முன் தயங்கி நிற்கிறார். இது அவருடைய குறையன்று. கருவி செய்வோரின் குறை.

மூன்றாவது, மோட்டார் சைக்கிளின் பிளக். கார்களில் உள்ள 16 முனைப் பிளக் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இல்லை. புதிய மாடல்கள் பலவற்றில் சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்குப் பின்னோ சிவப்பு நிற 6 முனைப் பிளக் உள்ளது. அதற்கென இணைப்பு வயர் ஒன்றைத் தனியே வாங்கவேண்டும். பழைய மாடல்களில் நிறுவனத்திற்கொரு வடிவம். இருசக்கர வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஓ.பி.டி.யின் இரண்டாம் கட்ட விதிகள் வந்தமையால் இத்துறையிலும் ஒருமைப்பாடு வளர்ந்து வருகிறது.

குறியீடு சாட்சி, தீர்ப்பன்று

கருவி எளிமையானது என்பதாலேயே ஒரு தீங்கும் விளைகிறது. பால் வண்டியின் கதையை இங்குத் தொடர்வோம். அந்நிகழ்ச்சிக்குப் பின் அதே மெக்கானிக் ஒரு புளூடூத் கருவி வாங்கினார். பி 0171 என்ற குறியீடு வந்தது. யாரோ கூறியதைக் கேட்டு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிக் குறியீட்டை அழித்தார். விளக்கு அணைந்தது, சங்கத்தார் மகிழ்ந்தனர். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. சென்சாருக்குச் செலவிட்ட பணம் வீணாயிற்று. மெக்கானிக்கின் பெயருக்கும் இழுக்கு நேர்ந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? ‘பெட்ரோல் குறைவு’ என்றுதான் வண்டி கூறிற்று. ‘ஆக்ஸிஜன் சென்சார் கெட்டது’ என்று கூறவில்லை. காய்ச்சலைக் கண்டு சொன்ன வெப்பமானியை உடைத்துவிட்டு வேறொன்று வாங்கினால் காய்ச்சல் தணியுமோ?

அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆசிரியர் ஒருவரை அழைத்து அவ்வண்டியை மீண்டும் ஆராய்ந்தோம். இம்முறை குறியீட்டோடு நில்லாமல், ஓடும் எஞ்சினின் அளவுகளையும் பார்த்தோம். ‘ஃப்யூயல் டிரிம்’ என்பது பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று வண்டி சொல்லும் கணக்கு. பூஜ்யத்திற்கு மேலும் கீழும் 10 சதவீதத்திற்குள் இருப்பின் பொதுவாகக் கவலையில்லை. வண்டி நின்று ஓடுகையில் இவ்வளவு சரியாயிருந்தது. சுமையேற்றி மேட்டில் ஓட்டியபோது 20 சதவீதத்தையும் கடந்தது. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நின்றபோது போதிய பெட்ரோல், சுமையின்போது போதாத பெட்ரோல் என்றால், பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு இருக்கவேண்டும். அழுத்தமானியை வைத்துப் பார்த்ததில் ஐயம் தீர்ந்தது. டேங்கினுள் உள்ள பம்பின் வடிகட்டியில் கசடு படிந்திருந்தது. அவசரத்திற்குக் கேனில் வாங்கி வைத்து ஊற்றிய பெட்ரோலோடு சென்ற மண்ணே அது. வடிகட்டியை மாற்றியபின் வண்டி சுமையோடு மேடேறியது, விளக்கும் எரியவில்லை. இதற்கான செலவு சென்சாரின் விலையில் ஒரு பகுதியே.

மற்றொரு காரில் பி 0118 குறியீடு. அளவுகளைப் பார்த்தபோது எஞ்சின் நீரின் வெப்பம் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி என்று திரை காட்டியது. சித்திரை வெயிலில் நின்ற வண்டிக்கு இக்குளிர் எங்கிருந்து வந்தது? சென்சாரின் மின்பாதை அறுந்தால் பல வண்டிகளில் இவ்வளவே தோன்றும். வயரைத் தொடர்ந்து சென்று பார்த்ததில் எலி கடித்திருந்தது. வைக்கோற்போருக்கு அருகில் நிறுத்தும் வண்டிகளில் இது புதுமையன்று. ஒரு முழ வயரும் சிறிது டேப்பும் போதுமானவையாயின.

கையாளும் முறை

பயில்வோர் பின்வரும் முறையைக் கைக்கொள்வது நலம்.

1. கருவியைச் செருகுமுன் பாட்டரியைச் சோதிக்கவும். எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட்டும், ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட்டும் இருத்தல் நன்று. பாட்டரி தளர்ந்திருந்தால் பொய்க் குறியீடுகள் பல தோன்றும். பாட்டரி முனைகளில் பூத்த வெண்பொடியைத் துடைத்தமையாலேயே தீர்ந்த பழுதுகள் உண்டு.

2. குறியீடு எதுவாயினும் முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதவும். பழுது தோன்றிய கணத்தில் வண்டியின் வேகம், வெப்பம் முதலியவற்றையும் கருவி காட்டும். குறியீட்டை அழித்தால் அக்குறிப்பும் அழிந்துவிடும். ஆதலின் எழுதாமல் அழித்தலாகாது.

3. பொருளை மாற்றுமுன் வயர், பிளக், குழாய், பியூஸ் ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் சோதிக்கவும்.

4. ஓடும் அளவுகளைப் பார்க்கவும். சாலையில் பார்ப்பதாயின் ஓட்டுபவர் திரையைப் பார்க்கக்கூடாது. உடன் ஒருவர் இருத்தல் வேண்டும்.

5. பழுதை நீக்கியபின்னரே குறியீட்டை அழிக்கவும். சில நாள் ஓட்டியபின் மறுபடியும் படித்துப் பார்க்கவும்.

6. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடவும். செருகியபடியே விட்டால் நாளடைவில் பாட்டரி வடிந்துபோகும்.

வண்டியின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு சொல். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டவேண்டும் என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. புகைக்குழாயிலுள்ள விலையுயர்ந்த கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துதல் வேண்டும். விளக்கு அணைந்துவிட்டது என்பதொன்றைக் கொண்டு பழுது தீர்ந்தது என்று கருதற்க. “என்ன குறியீடு, என்ன காரணம், என்ன செய்தீர்கள்?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கு வருந்தமாட்டார்.

செய்யத்தகாதவை

மஞ்சள் உறையிட்ட வயர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. பயிற்சி பெறாதார் அவற்றைத் தொடலாகாது. பல்பு வைத்த பழைய டெஸ்டரை மின்னணுப் பெட்டியின் வயர்களில் குத்துதல் கூடாது. மல்டி மீட்டரைப் பயன்படுத்துக. எஞ்சின் ஓடுகையில் பாட்டரியைக் கழற்றலாகாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு அளவு பார்த்தல் உயிருக்கே ஆபத்து. புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டியைக் கட்டளையிட்டு எரித்துச் சுத்தம் செய்தல் போன்ற வேலைகள் சிறு கருவிகளின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்குரிய இடத்திற்கே அனுப்புதல் அறிவுடைமை. தன் எல்லையை அறிந்து கூறுவதும் தொழில் திறமையே.

கிராமம் செய்யக்கூடியது

பழுதுபார்க்கும் செய்தியும் கருவியும் தனிப்பட்ட பட்டறைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்னும் கருத்து நாட்டில் வலுப்பெற்று வருகிறது. உதிரிப் பாகங்களையும் பிணியறி கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்யவேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதன் மீது மேல்முறையீடுகளும் எழுந்தன. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கிற்று. ஆயினும் உரிமை தாளில் இருந்தால் போதாது. கையில் திறமையும் வேண்டும்.

நமது ஒன்றியத்தில் மேற்கொண்ட சிறு முயற்சியைப் பிற ஒன்றியங்களும் மேற்கொள்ளலாம். ஒரே சாலையிலுள்ள பட்டறைக்காரர்கள் சிலர் பங்கு போட்டு நல்ல ஸ்கேனர் ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். தனித்தனியே ஒவ்வொருவரும் மலிவான நகலை வாங்கி ஏமாறுவதினும் இது சிக்கனமானது. அடிக்கடி வரும் குறியீடுகளுக்குத் தமிழில் பொருளெழுதிய அட்டை ஒவ்வொரு பட்டறையின் சுவரிலும் தொங்குகிறது. தீர்த்த பழுதுகளை எழுதிவைக்கும் பொது நோட்டு ஒன்றும் உண்டு. ஒருவர் கண்டது அனைவருக்கும் பாடமாகிறது. போட்டியாளராயிருந்தவர்கள் மாலை வேளையில் அந்நோட்டைச் சுற்றி அமர்ந்து வாதிடுவதைக் காணும்போது நமக்கு மிகுந்த மனநிறைவு ஏற்படுகிறது.

கருவிகள் எளிமையானவையா என்ற வினாவிற்கு நாம் கண்ட விடை இது: படிப்பதற்கு எளிமை, பொருளுணர்வதற்குப் பயிற்சி வேண்டும். எஞ்சினை அறியாதவர் கையில் ஸ்கேனர் செலவை வளர்க்கும். எஞ்சினை அறிந்தவர் கையில் அது காலத்தைக் காக்கும். நம் கிராம மெக்கானிக்குகள் எஞ்சினை அறிந்தவர்கள். அவர்களுக்கு வேண்டுவது சிறிது மொழியுதவியும், சிறிது பொறுமையும், பங்கிட்டுக்கொள்ளும் மனமுமே.

அந்தப் பால் வண்டி இன்றும் ஓடுகிறது. அதை இப்போது பழுது பார்ப்பவர், அன்று கையை விரித்த அதே மெக்கானிக்தான்.